குழவிக்கல்லும் செயலாளர் பதவியும்

1974 பிப்ரவரி 3, ஞாயிறு

பனி. சேக்காடு ஏரிக்கரையில எதிர்ல வர்ற ஆள் தெரியல. ஆறரைக்கே போயாச்சு. முக்காலி, கயிறு, நாலு முளைக்குச்சி, டேப்பு, அம்மாவோட அம்மிக் குழவி. எல்லாத்தையும் நைனாதான் தூக்கினு வந்தாரு. எனக்கு என் வலது கால்ல மாட்டின இரும்புக் காலிபரைத் தூக்கி வெச்சு நடக்கறதே போதும்.

குழவி எதுக்குன்னா, எங்க ஊனமுற்றோர் சங்கத்தோட எறிகுண்டு, செயலாளர் ராவ் சார் வீட்டு பீரோவுல இருக்கு. ஊனமுற்றோர் விளையாட்டு விழா அன்னிக்கு மட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை, உற்சவர் மாதிரி வெளிய வரும். சாயங்காலம் திரும்ப உள்ள போயிடும். மீதி நாளெல்லாம் எறிஞ்சு பழக எனக்குக் குழவிதான். விறகுக்கடைத் தராசுல வெச்சுப் பாத்தேன். குண்டைவிட அரைக் கிலோ கூட. பரவால்ல.

முளை அடிச்சு முக்காலியை இழுத்துக் கட்டி, அதுல உக்காந்து எறியணும். எட்டு தடவை எறிஞ்சேன். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. கல்லு விழுந்த இடத்துல டேப்பை நகத்தால கிள்ளிப் பிடிச்சு, பிடியை விடாம எங்கிட்ட கொண்டாந்து காட்டுவாரு. ஏழாவது எறி பதினேழு அடி நாலு அங்குலம். இதுவரைக்கும் இதான் அதிகம். ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன்.

"நல்லதா, கெட்டதா?"ன்னாரு நைனா.

நல்லதுன்னேன்.

"அப்ப சரி"ன்னு குழவியைத் துண்டால தொடச்சாரு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா: "சட்னி மண்ணா கீது. ஊட்டுக் குழவி தெனம் ஏரிக்கரைக்குக் காத்து வாங்கப் போவுது, எனக்கு அந்தக் குடுப்பனை இல்ல."

நேத்து நடந்ததை எழுதணும். எழுதலேன்னா மனசு ஆறாது. ஏப்ரல்ல திருச்சியில ஊனமுற்றோருக்கு மாநிலப் போட்டி. விண்ணப்பத்துல பேர், ஊனம், அளந்த தூரம், சங்கச் செயலாளர் கையெழுத்து. ராவ் சார்தான் செயலாளர். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், ஏழு வருஷமா அவரேதான். காபி குடுத்தாரு. அப்புறம் விண்ணப்பத்தையும் கையெழுத்துப் போடாம திருப்பிக் குடுத்துட்டாரு.

"நம்ம சங்கத்துல அளக்கற பழக்கமே இல்லையேம்மா. அவ்ளோ தூரம் போய்த் தோத்துட்டு வந்தா மனசு உடைஞ்சிடும். நமக்கு எதுக்குப் போட்டி?"

பழக்கம் இல்லைங்கறது நிஜம். விழாவுல எறிவோம், ஓடுவோம், தவழுவோம். முடிஞ்சதும் தலைவர் டாக்டர் மைக்கைப் பிடிச்சு, "எல்லாக் குழந்தைகளும் ஜெயிச்சாச்சு"ம்பாரு. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். எனக்கு முப்பத்தொரு வயசு. வீட்ல ஏழு டம்ளர் இருக்கு.

பிப். 4, திங்கள்

ரயில் இருபது நிமிஷம் லேட். கூட்டம். ஒரு அம்மா எழுந்து இடம் குடுத்தாங்க, வேணாம்னேன். காலிபர் முட்டியை மடக்கி உக்காந்தா திரும்ப நீட்டி லாக் போட்டு எழுந்திருக்கறதுக்குள்ள பட்டரவாக்கம் போயிடும்.

ஃபேக்டரியில இன்னிக்கு நானூறு பீஸ். என் வேலை இன்ஸ்பெக்‌ஷன். அளவு கேஜுக்குள்ள போனா பாஸ், போகலேன்னா ரிஜெக்ட். மயிரிழை கூட இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். அதுக்குத் திட்டாத ஆள் இல்ல. ஆனா ஃபோர்மேன் புது ஆள்கிட்ட சொல்லிட்டு இருந்தாரு: "கஸ்தூரி கையெழுத்து இருந்தா நீ பிரிச்சே பாக்க வேணாம், அனுப்பிடு."

கேட்டதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. இங்க என் கையெழுத்துக்கு லாரி கிளம்புது. அங்க நான் குழந்தை.

சங்கத் தேர்தல் 17-ம் தேதி ஞாயிறு. தேர்தல்னா இதுவரைக்கும் டாக்டர் ராவ் சார் பேரைப் படிப்பாரு, எல்லாரும் கை தட்டுவோம், அவ்ளோதான். இந்த வருஷம் செயலாளர் பதவிக்கு நான் நிக்கப்போறேன்.

வாங்க வேண்டியது: அம்மாவுக்கு அனாசின். காலிபர் ஸ்குரூ ரெண்டு. தேங்கா எண்ணெய்.

பிப். 6, புதன்

லீவு போட்டேன். ராவ் சார்கிட்ட சங்க விதிகள் கேட்டேன். முகம் மலர்ந்து எடுத்துக் குடுத்தாரு. "ஏழு வருஷத்துல நீதாம்மா மொதல்ல கேக்கற." சைக்ளோஸ்டைல்ல உருட்டி அச்செடுத்த நாலு தாள், ஓரமெல்லாம் பழுப்பு. அங்கயே உக்காந்து படிச்சேன். பதிவேட்டில் பெயர் உள்ள அனைவருக்கும் ஓட்டு உண்டு. அனைவருக்கும்னா எங்களுக்கும். வேட்பாளருக்கு ஒருத்தர் முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும். 14-ம் தேதிக்குள்ள குடுக்கணும்.

நேரா திருமுல்லைவாயில். ஸ்டேஷன் பக்கத்துல தாமோதரனோட பங்க்சர் கடை. அவனுக்கு ரெண்டு காலும் ரயில்ல போச்சு. பேரிங் வெச்ச பலகையில உக்காந்து தரையைத் தள்ளினு போவான். எங்க சங்கத்துல ஈட்டி எறியறவன்.

விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஓட்டு கீதா?"

"இருக்கு."

"ஏழு வருசமாவா?"

"ஏழு வருஷமா."

ட்யூபைத் தண்ணியில அமுக்கினான். குமிழி வந்துகிட்டே இருந்தது, அவன் பாக்கல.

"ஒருத்தன் சொல்லல பாத்தியா யக்கா. கை தட்டச் சொன்னானுங்க, நானும் தட்டினு இருந்தேன்." அப்புறம் கையைத் தொடச்சுக்கினு, "எங்க போடணும் கையெழுத்து?"ன்னான். முன்மொழிஞ்சாச்சு. தாள்ல கிரீஸ் கறை.

பிப். 8, வெள்ளி

வீட்ல சண்டை. அம்மா மூலமா நைனாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"பத்து வயசு வரிக்கும் தவழ்ந்துகினு இருந்தே நீ. அந்த மனுசன்தான் ஆப்பரேசன் பண்ணி நிக்க வெச்சாரு. ஒரு பைசா வாங்கல. அவரு வெச்ச ஆளை எதுத்து நிப்பியா? ஊர்ல இன்னா பேசுவாங்க? நன்னி கெட்டவன்னுதான் பேசுவாங்க."

"நான் டாக்டரை எதுத்து நிக்கல நைனா."

"எல்லாம் ஒண்ணுதான்."

சாப்பிடாம துண்டை உதறிப் போட்டுக்கினு போயிட்டாரு. இந்த ஃபேக்டரியெல்லாம் வர்றதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் நிலத்துல கூலிக்கு இருந்தவர். குடுத்தவங்க முன்னாடி நிமிந்து பேசிப் பழக்கமில்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோவம் வந்துச்சு. குளிக்கப் போற மாதிரி போய் அழுதேன். கோவத்துல வந்த அழுகைதான்.

நாளைக்கு டாக்டரை நேர்ல பாத்துச் சொல்லிடணும். அவர் காதுக்கு வேற யார் மூலமாவும் போகக் கூடாது.

பிப். 9, சனி

டாக்டர் கிளினிக், அம்பத்தூர். டோக்கன் 22. ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். உள்ள போனதும் அவர் கண்ணு மொதல்ல என் காலுக்குத்தான் போச்சு. "லெதர் தேஞ்சிருக்கே. சொல்லக் கூடாதா?" குனிஞ்சு பக்கிளை இழுத்துப் பாத்தாரு. அப்படிப்பட்ட மனுசன்கிட்ட எப்படிச் சொல்றது. சொல்லிட்டேன்.

சிரிச்சாரு. நக்கலா இல்ல, பிரியமாத்தான்.

"செயலாளர்னா ஓடியாடி அலையணும் குழந்தை. கலெக்டர் ஆபீஸ் போகணும், நாலு பேரைப் பாக்கணும்."

"தெனம் ஆவடியில ரயில் ஏறி பட்டரவாக்கத்துல இறங்கறேன் டாக்டர். பதிமூணு வருஷமா. ஒரு நாளும் யாரும் தூக்கி விட்டதில்ல."

"அது உன் பொழப்புக்காக. இது மத்தவங்களுக்காகச் செய்யறது."

ரயில்ல வரும்போது பத்து பதில் வந்துச்சு. என்ன பிரயோஜனம்.

வெளிய வரும்போது அவரே சொன்னாரு: "தேர்தல்ல நில்லும்மா. நிக்காதேன்னு சொல்ல மாட்டேன். தோத்துட்டு அழக் கூடாது, அவ்ளோதான்."

அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் நைனாவுக்கு அடுத்து அவர்தான். அவர் மேல இன்னிக்கு வந்த மாதிரி கோவம் யார் மேலயும் வந்ததில்ல. ரெண்டும் சேந்தே இருக்கு.

பிப். 12, செவ்வாய்

ராஜத்தைப் பாக்க ஆவடி டைப்பிங் இன்ஸ்டிட்யூட். அங்கதான் சொல்லிக்குடுக்கறா. ரெண்டு கக்கத்துலயும் கட்டை வெச்சு நடக்கறவ. என் சினேகிதி. வழிமொழியச் சொல்லிக் கேட்டேன். தாளை வாங்கிப் படிச்சா, திருப்பி நீட்டிட்டா.

"அடுத்த மாசம் எனக்கு ஆப்பரேஷன்டி. டாக்டர்தான் பண்றாரு. என் கால் அவர் கையில இருக்கு."

"கால் அவர் கையில சரி. வாய் யார் கையிலடி இருக்கு?"

அவ முகம் செத்துப்போச்சு. பக்கத்துல டைப் அடிச்சிட்டிருந்த பொண்ணுங்க நிறுத்திட்டுப் பாத்தாங்க. நான் வந்துட்டேன். இந்த வாயை வெச்சுக்கிட்டு நான் சங்கம் நடத்தப்போறேன். மன்னிப்புக் கேட்டு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

வெயில் ஏற ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் ரெண்டு நாள்தான். வழிமொழிய ஆள் இல்ல. மூணு பேரைக் கேட்டாச்சு, மூணு பேரும் டாக்டர் பேரைச் சொன்னாங்க.

பிப். 14, வியாழன்

அரை நாள் லீவு. பஸ் பிடிச்சு பூந்தமல்லி. கோதண்டம் அண்ணனைப் பாத்தேன். பிறவியிலயே கண் தெரியாது. நாற்காலி பின்னுற வேலை. சங்கத்துல நூறு கஜ ஓட்டம் ஓடறவர், நாப்பது வயசுக்கு மேல இருக்கும். அதிகம் பேச மாட்டாரு. அதனாலயே அவரைக் கடைசியா வெச்சிருந்தேன்.

"படி"ன்னாரு. படிச்சேன்.

"இன்னொரு வாட்டி படி." படிச்சேன்.

"நீ செயலாளரானா இன்னா பண்ணுவே?"

"அளப்பேன்ணே. உங்க ஓட்டத்துக்கு வாட்ச் வெச்சுப் பாப்பேன். எத்தனை செகண்டுன்னு எழுதித் தருவேன்."

பிரம்பைக் கீழ வெச்சாரு. "பதினஞ்சு வயசுலேருந்து ஓடறேன். பள்ளிக்கூடத்துல ஓடினேன், இங்க ஓடறேன். நான் வேகமா ஓடறேனா மெதுவா ஓடறேனான்னு இன்னும் தெரியாது எனக்கு. கேட்டா, நல்லா ஓடினப்பாம்பாங்க."

ஸ்கேலைத் தாள் மேல வெச்சு, அதை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாரு. ஒரு எழுத்து கோணல் இல்ல. ஃபேக்டரியில பாதிப் பேருக்கு இப்படி வராது.

அங்கேருந்து நேரா ராவ் சார் வீடு. அஞ்சரைக்குக் குடுத்தாச்சு. கண்ணாடியைப் போட்டுப் படிச்சாரு. "முறையா இருக்கு"ன்னாரு. காபி குடுத்தாரு.

நைனா இன்னும் பேசல. ஆனா குழவியைக் கழுவி, ஏரிக்கரை சாமானோட சேத்து வெச்சிருக்காரு.

பிப். 17, ஞாயிறு

எல்லாத்தையும் வரிசையா எழுதணும். ஒண்ணும் விடக் கூடாது.

கூட்டம் அம்பத்தூர்ல, ஒரு பள்ளிக்கூட ஹால்ல. காலையில பத்து மணி. முன்னாடி ரெண்டு வரிசை நாற்காலி, புரவலருங்க பதினஞ்சு பேர். பின்னாடி ஜமக்காளம், பெஞ்சு. நாங்க இருபத்தாறு பேர். ராஜமும் வந்திருந்தா. என் பக்கம் திரும்பல. நைனா கூட வந்தாரு. வர்றேன்னு சொல்லல, ரயில் ஏறும்போது பாத்தா பின்னாடி நிக்கிறாரு. ஹாலுக்குள்ள வர மாட்டேன்னுட்டாரு. வாசப்படியாண்ட துண்டைக் கக்கத்துல வெச்சுக்கினு நின்னாரு. "தோள்ல போடு நைனா"ன்னேன். காதுல வாங்கல.

டாக்டர் எழுந்தாரு. "ஏழு வருஷத்துல இந்தச் சங்கத்துல ஓட்டு நடந்ததில்ல. இன்னிக்கு நடக்குது. சந்தோஷம்." நிஜமாவே சந்தோஷமாத்தான் சொன்னாரு. என்னைப் பேசச் சொன்னாங்க. எழுதிக் கொண்டுபோன தாள்ல பாதி படிக்கல. சொன்னது இவ்ளோதான்: அளக்கணும், எழுதி வைக்கணும், போட்டிக்கு அனுப்பணும், தோத்தா தோத்துட்டு வரணும். ராவ் சார் ரெண்டே நிமிஷம் பேசினாரு, நல்லாப் பேசினாரு.

அப்புறம் டாக்டர், அவரோட க்ளப்புல பழகின பழக்கம்போல, "ராவ் சாரை ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க"ன்னாரு.

முன் வரிசை பதினஞ்சு பேரும் படக்னு எழுந்தாங்க. எங்க பக்கத்துலயும் அஞ்சு பேர். எண்ணினாரு. உக்காரச் சொன்னாரு.

"கஸ்தூரியை ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க."

ஒண்ணும் நடக்கல. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் பின்னாடி 'டக்'னு ஒரு சத்தம். இன்னொரு 'டக்'. வரிசையா.

கோதண்டம் அண்ணன், "இன்னா சத்தம்ப்பா அது?"ன்னாரு.

"நம்மாளுங்க முட்டி லாக் போடறாங்கண்ணே"ன்னான் தாமோதரன்.

திரும்பிப் பாத்தேன். சுவத்தைப் பிடிச்சு ஒருத்தர். அடுத்தவன் தோளைப் பிடிச்சு ஒருத்தன். ஒரு பொண்ணு பாதி எழுந்து சரிஞ்சு விழுந்துட்டு, திரும்பவும் பெஞ்சைப் பிடிச்சு ஏறுது. முன் வரிசையில எல்லாரும் திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல எனக்குப் பெருமையா இருந்திருக்கணும். இல்ல. ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

"எல்லாரும் உக்காருங்க"ன்னேன். கத்திட்டேன்னுதான் சொல்லணும். "டாக்டர், கை தூக்கச் சொல்லுங்க. எங்களுக்குக் கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தாமோதரன் எதை வெச்சு எழுந்து நிப்பான்?"

வாசப்படியில நைனா கண்ணை மூடிக்கிட்டது தெரிஞ்சுச்சு.

டாக்டர் தாமோதரனைப் பாத்தாரு. பலகையைப் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டிட்டு நாற்காலியில உக்காந்துட்டாரு. உக்காந்தபடியேதான் பேசினாரு.

"இத்தனை வருஷமா உங்க கூட இருக்கேன். எனக்குத் தோணவே இல்ல. மன்னிச்சிடுங்க எல்லாரும்."

குழந்தைகளேன்னு சொல்லல.

திரும்ப முதல்லேருந்து. கை தூக்கி. ராவ் சாரே எண்ணினாரு. எனக்கு எண்ணும்போது தாமோதரன் ரெண்டு கையையும் தூக்கிட்டான். "ஒரு கைதாம்பா"ன்னாரு ராவ் சார். ஹால்ல சிரிப்பு. அப்ப பாத்தா ராஜம் மட்டும் இன்னும் உக்காரவே இல்ல, கட்டையில நின்னுகிட்டே இருக்கா.

"நீங்க கை தூக்கலியேம்மா?"

"ரெண்டு கையிலயும் கட்டை சார். ஒண்ணை விட்டாலும் விழுந்துடுவேன். நிக்கறேன் இல்ல, எண்ணிக்கங்க."

டாக்டர் இருந்த பக்கம் பாத்துத்தான் சொன்னா. அவர் சரின்னு தலையை ஆட்டினாரு.

ராவ் சாருக்குப் பதினேழு, மொதல்ல அவருக்கு எழுந்த எங்காளுங்க அஞ்சுல மூணு பேர் மாறிட்டாங்க. எனக்கு இருபத்திநாலு.

நான் செயலாளர்.

ராவ் சார் நடவடிக்கைப் புத்தகம், பதிவேடு, பீரோ சாவி மூணையும் அங்கயே கையில குடுத்துட்டாரு. "டேப்பு நல்லதா ஒண்ணு வாங்கும்மா, துணி டேப்பு இழுத்துக்கும்"ன்னாரு. அவரை நான் கொஞ்சம் மட்டமாத்தான் நினைச்சிருந்தேன். டாக்டர் கிட்ட வந்து, "அன்னிக்கு உங்கிட்ட ஒண்ணு சொன்னேன், மத்தவங்களுக்காகன்னு. அதை வாபஸ் வாங்கிக்கறேன்"ன்னாரு. அப்பதான் அழுதேன். ஜெயிச்சுட்டு அழலாம்னு நினைக்கிறேன்.

ராஜத்தைக் கட்டிப் பிடிச்சேன். "கார்டு வந்துச்சு. எழுத்துப் பிழை ரெண்டு"ன்னா.

ரயில்ல நைனா புத்தகங்களை என்கிட்ட குடுக்கல. ரெண்டு கையாலயும் பிடிச்சு மடியில வெச்சிருந்தாரு. எதிர்ல உக்காந்திருந்த ஆள், "இன்னா பெரியவரே, கணக்கு நோட்டா?"ன்னு கேட்டான்.

"சங்கத்து புக்கு. எம் பொண்ணு செயலாளரு"ன்னாரு. அண்ணனூர் வந்ததும் புதுசா ஏறினவன்கிட்ட, அவன் கேக்காமயே சொன்னாரு.

பிப். 18, திங்கள்

தோள் வலி. ஃபேக்டரியில முந்நூத்தி அறுபது பீஸ், ரிஜெக்ட் பதினொண்ணு. ஃபோர்மேன் விஷயம் கேள்விப்பட்டு மிக்சர் வாங்கிக் குடுத்தாரு.

சாயங்காலம் வந்து, காலை நீட்டி உக்காந்து, நேத்து நடவடிக்கையை எழுத ஆரம்பிச்சேன். புத்தகத்தை இன்னிக்குத்தான் திறக்கறேன். ஏழு வருஷமும் ஒரே மாதிரி. 'வருகை தந்தோர்'னு போட்டு டாக்டர், ராவ் சார், புரவலருங்க, எல்லாருக்கும் இனிஷியல், பட்டம். கடைசி வரி: 'மற்றும் ஊனமுற்ற குழந்தைகள் முப்பது பேர்.' ஏழு வருஷமும் முப்பதுதான். ஒரு வருஷமாவது இருபத்தொம்போதோ முப்பத்தொண்ணோ இல்ல. யாரும் எண்ணல.

பேர் எழுதலாம்னு பதிவேட்டைப் பாத்தேன். அதுல இருக்கறது: கஸ்தூரி, வலது கால். ராஜம், இரு கால், கட்டை. கோதண்டம், கண்.

எழுதிட்டேன். டாக்டர் பேருக்கு அடுத்து, ராவ் சார் பேருக்கு அடுத்து, வரி மாத்தாம எங்க பேரு. இருபத்தாறும். எனக்குத் தெரிஞ்ச இனிஷியலோட. ராஜம் டைப்பிங்ல ஹையர் பரீட்சை பாஸ், அதையும் போட்டேன். ரெண்டு பக்கம் வந்துச்சு. நைனா பக்கத்துல உக்காந்து, படிச்சுக் காட்டச் சொன்னாரு. என் பேர் வந்ததும் நிறுத்தினாரு.

"மு. கஸ்தூரியா? 'மு'ன்னா யாரு?"

"முனுசாமி. நீதான் நைனா."

"என் பேரும் கீதா அதுல?"

"இருக்கு."

எங்கன்னு கேட்டாரு, காட்டினேன். டேப்பைக் கிள்ளற மாதிரி அந்த எழுத்து மேல நகத்தை வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

தாமோதரன் ஒருத்தனுக்குத்தான் இனிஷியல் போடல. பதிவேட்டுல 'தாமோதரன், இரு காலும் இல்லை'ன்னு மட்டும் இருக்கு. எனக்கும் தெரியல. ஏழு வருஷப் பழக்கம், ஒரு நாளும் அவன்கிட்ட நான் கேட்டதில்ல. பேருக்கு முன்னாடி இடம் விட்டு வெச்சிருக்கேன். நாளைக்குத் திருமுல்லைவாயில்ல இறங்கணும்.